மூண்டு மாசம் எண்டு சொல்லி பதினொரு மாசம்: வெள்ளவத்தையில வீடு கூட்டிக் கட்டின அனுபவம்

ஐஞ்சு நட்சத்திரத்தில எத்தினை குடுக்கிறீங்கள் எண்டு கேட்டா வேலைத்தரத்துக்கு நாலு, நேரத்துக்கு ஒண்டு. ரெண்டையும் சேத்து ரெண்டரை எண்டு போடுறன். ஆனா அந்த ரெண்டரைக்குள்ள எங்கட வீட்டில போன 340 நாள் இருக்கு, அதால நேரம் இருக்கிறாக்கள் கடைசி வரைக்கும் வாசியுங்கோ, முக்கியமா வெள்ளவத்தை தெஹிவளை பம்பலப்பிட்டிப் பக்கம் பழைய வீட்டோட ஒரு அறை சேத்துக் கட்ட யோசிக்கிறாக்கள்.

பில்டற்ற பேரை நான் போடேல்லை. அவர் ஏமாத்துக்காரர் இல்லை, வேலை வடிவாத்தான் செய்து தந்தவர். நான் சொல்ல வாறது அவரைப் போல சின்ன வேலை எடுத்துச் செய்யிற கனபேருக்குப் பொருந்தும், பேரைப் போட்டா அவரை மட்டும் தவிர்த்துப்போட்டு அடுத்த ஆளிட்டயும் இதே மாதிரிப் போய் மாட்டுப்படுவீங்கள்.

ஏன் கட்டினனாங்கள் எண்டதை முதல் சொல்லுறன். 2023 செப்டெம்பரில அம்மா பாத்ரூமில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு ஒப்பரேசன் செய்தது. படுக்கிற அறையள் எல்லாம் மேல் மாடியில, படி ஏற ஏலாது. ஹோலில ஒரு மூலையில கட்டில் போட்டு, கயிறு கட்டி சேலை ஒண்டைத் தொங்கவிட்டு, அதுக்குப் பின்னால கொமட் கதிரை. 76 வயசு வரைக்கும் ஒருத்தரிட்டயும் ஒண்டும் கேக்காமல் இருந்த மனிசி, வீட்டுக்கு ஆர் வந்தாலும் சேலைக்குப் பின்னால சத்தம் போடாமல் இருப்பா. அதைப் பாத்திட்டுத்தான் பின்வளவில, உடுப்புத் தோய்க்கிற கல்லும் முருங்கை மரமும் நிண்ட இடத்தில, ஒரு அறையும் அதோட சேந்த பாத்ரூமும் கட்டுவம் எண்டு முடிவெடுத்தனாங்கள். மொத்தம் 320 சதுர அடி. பிறகு மேல கட்டலாம் எண்டதால கூரைக்கு சீற் போடாமல் கொங்கிறீற் சிலாப்.

சின்ன அறைதானே, பிளான் பாஸ் பண்ணத் தேவையில்லை எண்டு சொந்தக்காரர் மூண்டு பேராவது சொன்னவை. அதைக் கேக்காதையுங்கோ. 1978 ஆம் ஆண்டு 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்துக்குள்ள வாற இடத்தில கூட்டிக் கட்டுறதும் கட்டுறதுதான், அனுமதி எடுக்க வேணும், முடிஞ்ச பிறகு சீ.ஓ.சீ (அனுமதிப்படிதான் கட்டினது எண்ட சான்றிதழ்) எடுக்க வேணும், இல்லாட்டி பிறகு வீட்டை விக்கேக்கயோ பாங்கில லோன் எடுக்கேக்கயோ அது வந்து நிக்கும். எங்கட வீடு கொழும்பு 6, மாநகர சபைக்குள்ள. காணி உறுதி, சேவே பிளான் (காணி அளந்த வரைபடம்), சோலைவரி கட்டின துண்டு, வீதிக்கோட்டுச் சான்றிதழ், எஞ்சினியர் பாத்த வரைபடம் எல்லாம் குடுத்து எட்டுக் கிழமையில அனுமதி கிடைச்சது, அதில மூண்டு கிழமை எங்கட சேவே பிளான் பழசு எண்டபடியா போனது, அது எங்கட பிழை. இந்த எட்டுக் கிழமையை ஆரும் கணக்கில எடுக்கிறேல்லை. "எவ்வளவு நாளில முடியும்" எண்டு கேட்டா பில்டர் சொல்லுறது மண் வெட்டுற நாளில இருந்துதான், நீங்கள் எண்ணுறது வீட்டில கதைக்கத் தொடங்கின நாளில இருந்து, அந்த வித்தியாசத்திலயே ரெண்டு மாசம் போயிடும்.

கொட்டேஷன் மூண்டு பேரிட்ட எடுத்தனாங்கள். முதலாவது ஆள் சதுர அடிக்கு 12,000 சொல்லி, ஆறு மாசம் வேணும் எண்டவர். ரெண்டாவது ஆள் அதுக்குப் பிறகு போனே தூக்கேல்லை. மூண்டாவதுதான் எங்கட பில்டர். 2023 நவம்பரில 9,500 சொன்னவர், 2024 ஜனவரியில வற் வரி 15 வீதத்திலயிருந்து 18 ஆனவுடன 9,800 ஆக்கினவர், 320 சதுர அடிக்கு 31 இலட்சத்து 36 ஆயிரம். நாள் எவ்வளவு எண்டு கேக்க, "மூண்டு மாசம் மிஸ், மழை பெஞ்சா நாலு" எண்டு கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னவர். அந்த யோசிக்காமல் சொன்னதிலதான் நான் பிடிச்சிருக்க வேணும். ஆறு மாசம் எண்டு சொன்ன மனிசனை, என்ன இவ்வளவு நாள் கேக்கிறார் எண்டு நானே வேண்டாம் எண்டனான். இப்ப யோசிச்சா அந்த மூண்டு பேரில உண்மையைச் சொன்னது அவர் ஒருத்தர்தான்.

2024 பெப்ரவரி 12, திங்கட்கிழமை, மண் வெட்டத் தொடங்கினது. முதல் மூண்டு கிழமை எண்டா சொல்லி வேலையில்லை. காலமை ஏழரைக்கு மேசன் பாஸும் (தலைமை மேசன்) மூண்டு கையாளும் வந்திடுவினம். பாஸ் குருநாகல் பக்கத்து ஆள், ஐம்பது வயசுக்கு மேல இருக்கும், அம்மாவை "அம்மே" எண்டுதான் கூப்பிடுவார், அம்மா அவரை "தம்பி" எண்டுவா. அவருக்குத் தமிழ் நாலு சொல்லு, அம்மாவுக்குச் சிங்களம் நாலு சொல்லு, அது காணும் ரெண்டு பேருக்கும். கருங்கல் அத்திவாரம், டீ.பீ.சி (நிலத்து ஈரம் சுவரில ஏறாமல் போடுற தட்டு), தூண் கம்பி எல்லாம் எங்கட எஞ்சினியர் வந்து பாத்துப்போட்டு ஒரு பிழையும் சொல்லேல்லை. மார்ச் முடியேக்க சுவர் இடுப்பளவுக்கு வந்திட்டுது. நாங்களும் நம்பீட்டம், மேயில அம்மா அறைக்குள்ள போயிடுவா எண்டு.

நான் அம்மான்ர கட்டிலுக்குப் பக்கத்தில தொங்கின கலண்டரில, ஆள் வந்து வேலை நடந்த நாளுக்கு நீலப் பேனையால ஒரு புள்ளடி போடத் தொடங்கினனான். முதல் அது கூலிக் கணக்குப் பாக்கிறதுக்கு எண்டுதான். பிறகு அதுதான் இந்த வீட்டு வேலையின்ர முழுக் கதையும் எண்டு விளங்கினது. பெப்ரவரியிலயும் மார்ச்சிலயும் நீலம் கூட. ஏப்ரலில அஞ்சு புள்ளடி. ஜூனில ஏழு. மற்றதெல்லாம் வெள்ளை.

ஏப்ரல் புதுவருசத்துக்கு எட்டாம் திகதி எல்லாரும் ஊருக்குப் போச்சினம். அது சரி, வருசத்துக்குப் போகத்தானே வேணும், கொழும்பில எந்த சைட்டிலயும் அந்த ரெண்டு கிழமை ஆள் இருக்காது, அதை ஆரும் குறை சொல்ல ஏலாது. இருபதாம் திகதி வாறம் எண்டவை. வந்தது மே ஆறு. போகேக்க பில்டர் வந்து, "மிஸ் ஆக்களுக்கு வருசத்துக்குக் காசு குடுக்க வேணும்" எண்டு ரெண்டாவது தவணையைக் கேட்டவர். எங்கட எக்ரிமெண்டில தவணையெல்லாம் திகதிக்குத்தான் எழுதிக் கிடந்தது, தொடங்கேக்க 30 வீதம், ஏப்ரல் முதல் கிழமை 25 வீதம், இப்பிடி. நான் குடுத்திட்டன். அப்ப எங்கட சைட்டில நடந்திருந்த வேலை கால்வாசி கூட வராது, அவர்ர கைக்குப் போன காசு 55 வீதம், அதாவது 17 இலட்சத்துக்கு மேல. அதுக்குப் பிறகுதான் நீலப் புள்ளடி குறையத் தொடங்கினது.

அவர் அந்தக் காசை எடுத்துக்கொண்டு ஓடேல்லை, தின்னவும் இல்லை. எங்க போனது எண்டு பிறகு பாஸ்தான் சொன்னவர், சிமெண்ட் கையோட பிளேன்டீ குடிச்சுக்கொண்டிருக்கேக்க, ஒளிக்கவேணும் எண்ட நினைப்பே இல்லாமல். பில்டருக்கு அப்ப அஞ்சு சைட், மேசன்மார் ரெண்டு செட். எங்கட அட்வான்ஸில நுகேகொடையில ஒரு வீட்டுக்கு டைல் வாங்கினது, நுகேகொடைக்காரர் முந்திக் குடுத்த காசில அதுக்கு முந்தின ஆள்ர கூரை முடிஞ்சது. புதுசா ஒரு வேலை கிடைச்சாத்தான் பழைய வேலைக்குக் காசு வரும், அதால புது வேலையை வேண்டாம் எண்டு அவருக்குச் சொல்லவே ஏலாது. புது சைட் தொடங்கின வீட்டுக்காரர் சந்தோசமா இருக்கவேணும் எண்டதால நல்ல செட் அங்க போகும், நடுவில நிக்கிற எங்களுக்கு "ஹெட்ட எனவா மிஸ்", நாளைக்கு வாறம் எண்டு. இது விளங்கின பிறகு எனக்கு அவரில கோவம் குறைஞ்சிட்டுது, ஆனா பயம் கூடீட்டுது, ஏனெண்டா நடுவில ஒருத்தர் காசு குடுக்காமல் நிண்டா எல்லாற்ற வீடும் அப்பிடியே நிக்கும்.

ஆள் கிடைக்கேல்லை எண்டு பில்டர் சொன்ன காரணத்திலயும் ஞாயம் இல்லாமல் இல்லை. 2022 நெருக்கடியில சீமெந்து மூட்டை 2,000 ரூபாயையும் தாண்டிப் போகேக்க சின்ன கொந்தராத்துக்காரர் கனபேர் நட்டப்பட்டு விழுந்தவை, வேலை இல்லாமல் நிண்ட மேசன், டைல் பாஸ், வயரிங் பெடியள் எத்தினையோ பேர் வெளிநாடு போயிட்டினம். இப்ப வேலை திரும்ப வரேக்க கை தேர்ந்த ஆள் இல்லை. இது உண்மை, ஒத்துக்கொள்ளுறன். ஆனா ஆள் இல்லை எண்டு தெரிஞ்சுகொண்டு அஞ்சு வீட்டுக்காரருக்கு மூண்டு மாசம் எண்டு வாக்குக் குடுத்தது அவர்தானே.

இனி சிலாப் கதைக்கு வாறன், இதில படிக்க கன விசயம் இருக்கு. கதவு யன்னலுக்கு மேல வாற லிண்டல் பீம் மே கடைசியில முடிஞ்சது. ஜூன் முதல் கிழமை மழை எப்பிடிப் பெஞ்சது எண்டு கொழும்பில இருந்தாக்களுக்குத் தெரியும், அப்ப வேலை நிண்டதுக்கு நான் ஒண்டும் சொல்ல மாட்டன். ஆனா மழை விட்ட பிறகும் பலகை வரேல்லை. சிலாப்புக்கு அடிக்கிற பலகையும் முட்டும் அவரிட்ட ஒரு செட்தான், அது மற்ற சைட்டில சிலாப்புக்குக் கீழ நிக்குது, அங்க கழட்டினாத்தான் இங்க வரும். இதை நான் முந்தியே கேட்டிருந்தா வாடகைக்கு எடுத்திருக்கலாம். கொஞ்சக் காசுதான், மூண்டு கிழமை மிஞ்சியிருக்கும்.

ஜூலை ஆறாம் திகதி, சனிக்கிழமை, சிலாப் போட்டது. எங்கட ஒழுங்கைக்குள்ள ரெடிமிக்ஸ் லொறி திரும்ப இடமில்லை, அதால மிக்சர் மெஷின். ரெண்டு கியூப் முக்கா இஞ்சிச் சல்லியும் ஒரு கியூப் மணலும் முதல் நாள் இரவு ஒழுங்கை வாசலில கொட்டி, பக்கத்து வீட்டுக்காரற்ற வான் வெளியால எடுக்க இடம் விட்டு, 40 மூட்டை சீமெந்து எங்கட ஹோலுக்குள்ள அம்மான்ர கட்டில் வரைக்கும் அடுக்கினது. அண்டைக்குப் பதினாலு பேர் வந்தவை. காலமை ஆறு மணிக்குத் தொடங்கி, கையில கையில சட்டி மாறி, பின்னேரம் மூண்டரைக்கு முடிஞ்சது. நடுவில நிப்பாட்டக் கூடாது, நிப்பாட்டினா அந்த இடத்தில ஒட்டாமல் நிண்டு பிறகு ஒழுகும் எண்டு பாஸ் தானும் சாப்பிடாமல் நிண்டவர். அந்த ஒரு நாளைப் பாத்தா, இந்த ஆக்கள் நினைச்சா எப்பிடி வேலை செய்வினம் எண்டு விளங்கும். மற்ற நாளையில ஏன் அப்பிடி நடக்கேல்லை எண்டுதான் மனம் கிடந்து அடிச்சது.

அதுக்குப் பிறகு தண்ணி கட்டுறது. சிலாப்புக்கு மேல சீமெந்துச் சாந்தால சின்னச் சின்ன வரம்பு கட்டி, பாத்தி பாத்தியாப் பிரிச்சு, ரெண்டு இஞ்சிக்குத் தண்ணி விடுறது. கொங்கிறீற் காயுறதால இறுகிறேல்லை, தண்ணியை எடுத்துத்தான் இறுகும், முதல் ஏழு நாள் ஈரம் காய விடக் கூடாது, முழுப் பலம் வர 28 நாள் எண்டுதான் கணக்கு. பில்டற்ற ஆள் ஒருத்தரும் அந்த ஏழு நாளும் வரேல்லை. நானும் மகனும்தான் காலமையும் பின்னேரமும் ஏணியில ஏறி ஹோஸ் பிடிச்சனாங்கள். ஒண்டு கவனம், கட்டின தண்ணியை அப்பிடியே விட்டா நுளம்பு முட்டை வைக்கும், 2007 ஆம் ஆண்டு நுளம்புச் சட்டத்தில வீட்டுக்காரருக்கும் வழக்கு வரும், பீ.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வாறது முதல் கட்டுமான சைட்டைப் பாக்கத்தான். நாங்கள் மூண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணியை முழுக்கத் தள்ளிக் காயவிடாமல் உடன புதுத் தண்ணி விட்டனாங்கள். பீ.எச்.ஐ வந்து பாத்திட்டு நல்லம் எண்டு போனவர்.

பத்தாம் நாள் காலமை ரெண்டு பெடியள் வந்து முட்டுக் கழட்டத் தொடங்கீட்டாங்கள். மற்ற சைட்டுக்குப் பலகை வேணுமாம். நான் வேலைக்குப் போகக் கால் வைக்கிற நேரம், சத்தம் கேட்டுப் பின்னுக்கு ஓடிப் பாத்தா ஒரு முட்டு ஏற்கனவே நிலத்தில. எஞ்சினியருக்குப் போன் போட, 21 நாளுக்கு முதல் ஒண்டிலயும் கை வைக்கக் கூடாது எண்டு அவர் அந்தப் பெடியனோடயே கதைச்சவர். கழட்டின முட்டைத் திரும்ப இறுக்கி நிப்பாட்டினாங்கள். நான் அந்த நேரம் வீட்டில இல்லாட்டி என்ன நடந்திருக்கும் எண்டு இப்பவும் நினைக்கிறனான், கீழ படுக்கப் போறது என்ர அம்மா. அவசரப்பட வேண்டிய இடத்தில மாசக் கணக்கா இழுத்துப்போட்டு, பொறுக்க வேண்டிய ஒரே இடத்தில அவசரப்பட்டினம். இதுக்காகத்தான் நேரத்துக்கு ஒரு நட்சத்திரம், அதுக்கு மேல ஒண்டும் தர ஏலாது. பிறகு 21 நாள் முடிஞ்சு ஜூலை 27இல கழட்டலாம் எண்டு நாங்கள் பாத்துக்கொண்டிருக்க, ஆள் வந்தது ஓகஸ்ட் 19. அதுக்குள்ள அவை வேற பலகை எடுத்திட்டினமாம்.

அந்த இடத்திலதான் எங்கட அண்ணா உள்ள வந்தவர். சொந்த அண்ணா இல்லை, பெரியம்மான்ர மகன், கியூ.எஸ் வேலை (கட்டட வேலையை அளந்து செலவுக் கணக்குப் பாக்கிறது), கட்டார்ல பத்து வருசம் இருந்திட்டு வந்தவர். எக்ரிமெண்டைப் பாத்திட்டு ஒரு நிமிசம் ஒண்டும் சொல்லேல்லை. பிறகு, "பிள்ளை, இது நீ அவருக்குக் காசு குடுக்கிறதுக்கு எழுதின பேப்பர், அவர் உனக்கு வேலை செய்யிறதுக்கு எழுதினது இதில எங்க இருக்கு?" எண்டு கேட்டவர். அடுத்த ஞாயிறு பில்டரைக் கூப்பிட்டு, தேத்தண்ணி குடுத்து, சத்தம் போடாமல் இருந்து கதைச்சு மிச்சக் காசை வேலைக்குப் பிரிச்சவர். பூச்சு உள்ளும் வெளியும் முடிஞ்சா இவ்வளவு, பாத்ரூம் தண்ணி கட்டிப் பாத்து ஒழுகாட்டி இவ்வளவு, டைல் முடிஞ்சா இவ்வளவு, கதவு யன்னல் பூட்டினா இவ்வளவு, கடைசியில 5 வீதம், 1,56,800 ரூபா, ஆறு மாசத்துக்கு எங்கட கையில. டைலும் பாத்ரூம் சாமானும் நாங்களே பழைய சோனகத் தெருப் பக்கம் போய் வாங்கித் தாறம், அந்தக் காசைக் கழிப்பம் எண்டும் எழுதினது. பில்டர் கொஞ்சம் முகம் சுளிச்சவர், ஆனா கையெழுத்து வச்சவர். செப்டெம்பரில 16 நீலப் புள்ளடி. ஜனாதிபதித் தேர்தலுக்கு வோட் போட எல்லாரும் ஊருக்குப் போய் ஒரு கிழமை நிண்டுமே 16. ஆள் மாறேல்லை, பாஸ் மாறேல்லை, பில்டரும் மாறேல்லை, காசு வாற ஒழுங்கு மட்டும்தான் மாறினது.

பாத்ரூம்தான் எங்களுக்கு முக்கியம். கதவு மூண்டடி அகலம், வாசலில படி இல்லை, கொமட்டுக்குப் பக்கத்தில பிடிக்கிற கம்பி, நிலத்துக்குச் சொரசொரப்பான டைல். படி இல்லை எண்டா தண்ணி அறைக்குள்ள வரக் கூடாது, அப்ப வாட்டம் சரியா இருக்க வேணும். டைல் பாஸ் வேற ஆள், சின்ன வயசு, கை வேகம். முடிச்சுப்போட்டு டைல் வேலைக் காசு கேக்க, அண்ணா ஒரு வாளி தண்ணியைக் கதவடியில மெல்ல ஊத்தச் சொன்னவர். தண்ணி நேர வழிஞ்சு கானுக்குப் போகாமல், பேசினுக்குக் கீழ திரும்பி ஒரு மூலையில சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குத் தேங்கி நிண்டது. கால் மணித்தியாலம் பாத்துக்கொண்டு நிண்டம், போகேல்லை. அம்மா ரெண்டாந்தரம் வழுக்க அந்தக் கோப்பைத் தண்ணி காணும். பெடியன் துடைச்சா சரி மிஸ் எண்டவன். மேசன் பாஸ் வந்து குனிஞ்சு பாத்திட்டு, ஒண்டும் கதைக்காமல் உளியை எடுத்துப் பதினாலு டைலையும் தானே உடைச்சவர். ரெண்டு நாளில திரும்பப் பதிச்சு, பிறகு தானே வாளி எடுத்து ஊத்தி எங்களைக் கூப்பிட்டுக் காட்டினவர். தரத்துக்கு நான் போட்ட நாலும் இந்த மனிசனுக்குத்தான்.

அதுக்குப் பிறகு ஒக்டோபர் மழை, வெளிப்பூச்சு ஒரு கிழமை தள்ளினது, தச்சு வேலைக்காரர் ரெண்டு தரம் அளவு பிழைச்சவர், நவம்பரில திரும்பத் தேர்தல், நத்தார். பெயின்ற் ஜனவரியில. அம்மா புது அறைக்குள்ள போனது 2025 ஜனவரி 17, பொங்கலுக்கு அடுத்து வந்த வெள்ளிக்கிழமை. மண் வெட்டின நாளில இருந்து 340 நாள்.

இப்ப கலண்டர்க் கணக்கைச் சொல்லுறன், இதுக்காகத்தான் இவ்வளவும் எழுதினனான். 340இல நீலப் புள்ளடி 118. மிச்சம் 222 நாள். அதில ஞாயிறு 48. பௌர்ணமிப் போயா, வருசம், தேர்தல், நத்தார் எல்லாம் சேத்து ஞாயமா ஒரு 20. மழையில உண்மையாவே செய்ய ஏலாமல் போனது 19. சிலாப் இறுகட்டும் எண்டு ஞாயிறு தவிர்த்துக் காத்திருந்தது 18. இதெல்லாம் கழிச்சாலும் 117 நாள் மிஞ்சுது. ஒரு காரணமும் இல்லை, வானம் வெளிச்சு நிக்குது, சாமான் வாசலில கிடக்குது, ஆள் இல்லை. வேலை நடந்தது 118 நாள், சும்மா கிடந்தது 117 நாள்.

அந்த 118ஐயும் பிரிச்சு வச்சிருக்கிறன், உங்களுக்கு உதவும். அத்திவாரமும் தூணும் 14 நாள், லிண்டல் வரைக்கும் சுவர் 13, பலகை கம்பி சிலாப் 15, பூச்சு 17, பாத்ரூம் ஒண்டுக்கு மட்டும் 21 (உடைச்சுத் திரும்பப் பதிச்சதும் சேத்து), வயரிங் 6, கதவு யன்னல் 9, அறை டைல் 8, பெயின்ற் 11, சில்லறை வேலை 4. பாருங்கோ, வெளியால பாக்கிறாக்களுக்கு வீடு எழும்பின மாதிரித் தெரியிறது சிலாப்போட, ஆனா அதுவரைக்கும் போனது 42 நாள்தான், சிலாப்புக்குப் பிறகுதான் 76 நாள் வேலை கிடக்குது. சிலாப் போட்டாச்சு, முக்காவாசி முடிஞ்சுது எண்டு பில்டர் காசு கேக்கிறது அந்த இடத்திலதான்.

அப்ப ஒரு அறையும் பாத்ரூமும் சிலாப்போட கட்ட எவ்வளவு நாள் வேணும்? கிழமைக்கு ஆறு நாள் ஆள் வந்தா 118 நாள் எண்டது இருபது கிழமை. சிலாப் இறுகிற மூண்டு கிழமை, கொழும்பு மழை, ரெண்டு மூண்டு போயா சேத்தா அஞ்சரை மாசத்தில இருந்து ஆறு மாசம். அனுமதி எடுக்கிறதுக்குத் தனிய ரெண்டு மாசம். மூண்டு மாசத்தில முடிச்சுத் தாறன் எண்டு ஆராவது சொன்னா எப்பிடி எண்டு கேளுங்கோ, எந்தக் கிழமை எந்த வேலை எண்டு எழுதித் தரச் சொல்லுங்கோ. தொடங்கிற மாசமும் பாருங்கோ. மே மாசத்தில தென்மேல் மழை வர முதல் சிலாப் போடவேணும் எண்டா ஜனவரி முதல் கிழமையே மண் வெட்டியிருக்க வேணும், எங்களைப் போல பெப்ரவரி நடுவில தொடங்கினா ஏப்ரல் வருசம் சரியா நடுவில வந்து விழும்.

பில்டரை எடுக்க முதல், இப்ப எத்தினை சைட் நடக்குது, எத்தினை மேசன் செட், பலகை சொந்தமா, எத்தினை சிலாப்புக்குக் காணும் எண்டு கேளுங்கோ. முடிஞ்ச வீட்டைக் காட்ட எல்லாரும் கூட்டிக்கொண்டு போவினம், நடந்துகொண்டிருக்கிற வீட்டைக் காட்டச் சொல்லுங்கோ, அந்த வீட்டுக்காரரோட பில்டர் பக்கத்தில இல்லாமல் ரெண்டு நிமிசம் கதையுங்கோ. நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபையில, முந்தி இக்டாட் எண்டு சொன்னது, பதிஞ்ச ஆளோ எண்டும் கேளுங்கோ, நான் கேக்கேல்லை. அட்வான்ஸ் குடுக்காமல் ஒருத்தரும் வர மாட்டினம், ஆனா முதல் தவணை அத்திவாரச் சாமானுக்குக் காணுமான அளவுக்கு மேல போக வேண்டாம். வீட்டில வயசு போனாக்கள் இருந்தா, கட்டி முடியும் வரைக்கும் அவை எங்க, எப்பிடி இருப்பினம் எண்டதை மூண்டு மாசத்துக்கு யோசிக்காமல் ஒரு வருசத்துக்கு யோசியுங்கோ. நாங்கள் அந்தச் சேலைத் திரைக்குப் பதிலா முதல் மாசமே ஒரு பலகை மறைப்பாவது அடிச்சுக் குடுத்திருந்தா அம்மா அந்தப் பதினொரு மாசமும் கொஞ்சம் மரியாதையா இருந்திருப்பா. காசு நட்டத்தை விட எனக்கு அதுதான் இப்பவும் கிடந்து அரிக்குது.

அம்மா போன முதல் இரவு நான் அவவின்ர அறைக்குள்ள பாய் போட்டுப் படுத்தனான். விடியப்புறம் மூண்டு மணி இருக்கும், லைட் போடுற சத்தம் கேட்டு எழும்பப் பாக்க, "நீ படு" எண்டிட்டு, வோக்கரைப் பிடிச்சுக்கொண்டு மெல்லப் பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்தினவ. ஒண்டே கால் வருசத்துக்குப் பிறகு அம்மா ஒரு கதவைச் சாத்தினது அண்டைக்குத்தான்.

மிச்சம் இருக்கிறது பின்பக்கப் பீலியும் சீ.ஓ.சீக்கு விண்ணப்பம் போடுறதுக்கு எஞ்சினியற்ற கடிதமும். பீலி இல்லாததால மழைக்கு வெளிச்சுவரின்ர அடி ஈரம் இழுக்குது, அதால 5 வீதத்தில ஒரு சதமும் இன்னும் விடேல்லை. வாற செவ்வாய் வாறன் எண்டு பில்டர் சொல்லியிருக்கிறார். பூட்டி முடிஞ்ச அண்டைக்குத் திகதியோட இதுக்குக் கீழயே எழுதிப்போடுறன்.